மூச்சு முட்டிய வண்டி

மெக்கானிக்: நாலாயிரத்து அறுநூத்தி நாப்பதுண்ணே. போன தடவை பிரேக் வேலை பார்த்த பாக்கி. அதைப் பேசிட்டு அப்புறம் பானட்டைத் திறப்போமா?

டிரைவர்: பாக்கி எங்கயும் ஓடிடாது தம்பி. மைலேஜ்தான் ஓடிப்போச்சு. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டற ஹைபிரிட் கார், லிட்டருக்கு இருபத்திநாலு கொடுத்த வண்டி... இப்ப பதினெட்டு. சொல்லவே வாய் கூசுது.

மெக்கானிக்: நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. அவ்வளவு நடந்தா உங்க முட்டி என்ன ஆகும்?

டிரைவர்: என் முட்டி பெட்ரோல் குடிக்காது.

மனைவி: டீ குடிக்கும். மணிக்கு ஒரு தடவை.

டிரைவர்: இவளை யாரு கூட வரச் சொன்னா? வண்டியில தேவையில்லாத சுமை ஏத்தக்கூடாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன். ஸ்டெப்னி ஜாக்கியைக்கூட எடுத்து வீட்ல வெச்சிருக்கேன்.

மனைவி: அதனாலதான் போன மாசம் டயர் பஞ்சராகி, ஜாக்கி எடுக்க ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்தீங்க.

டிரைவர்: அந்த ஆட்டோ பெட்ரோல் என் கணக்குல சேராது.

மெக்கானிக்: சரி விடுங்க. டயர்ல காத்து?

டிரைவர்: கம்பெனி சொன்னதை விட ரெண்டு பாயிண்டு கூட. பள்ளத்துல விட்டா பல்லு ஆடும். ஆனா உருண்டு போகும் பாரு, எண்ணெய் தடவின மாதிரி.

மெக்கானிக்: ஆயில் சுத்தமா இருக்கு. ஏர் ஃபில்டரும் புதுசு. சக்கரம்... கையால தள்ளினா லேசா சுத்துது, பிரேக் உரசல. சின்ன பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு. ஓட்டுறதுல எதுவும் மாத்திட்டீங்களா?

டிரைவர்: நானா? தூரத்துல சிக்னல் சிவப்பானா இங்கேயே ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்துடுவேன். வண்டி தானா வேகம் குறைஞ்சு, அந்தக் குறையுற வேகத்துல பேட்டரி ஏறி...

மனைவி: பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சு...

டிரைவர்: அவன் அடிப்பான். அவனுக்கு என்ன, அப்பன் பெட்ரோல்.

மெக்கானிக்: அப்ப பெரிய பேட்டரிதான் போயிருக்கணும்.

டிரைவர்: அதையும் யோசிச்சேன். அதை மாத்துற காசுக்கு பாதி வண்டியே வாங்கலாம். என்னால ஆகாது. இன்னைக்குச் சாயங்காலம் பழைய வண்டி வாங்கறவன் வர்றான். அதுக்குள்ள நீ காரணம் சொல்லலேன்னா கொடுத்துட வேண்டியதுதான்.

மனைவி: கொடுத்துட்டு?

டிரைவர்: வாடகை வண்டி ஓட்டுவேன். எவன் வண்டியையாவது.

மனைவி: என்னங்க... இது நம்ம வண்டிங்க.

டிரைவர்: உனக்கு என்ன திடீர்னு பாசம்? இதுக்குள்ள ஏறினாலே ஏசி போடலைன்னு புலம்புறவ.

மனைவி: இல்ல... தம்பி, பின் சீட்டுப் பக்கத்துல ஒரு வலை மாதிரி இருக்கே. அதைப் பார்த்தீங்களா?

மெக்கானிக்: அண்ணி... அது எதுக்கு இப்ப...

மனைவி: பாருங்களேன்.

டிரைவர்: இரு இரு. நீ எப்பவும் முன் சீட்டுல உக்காந்துதானே புலம்புவே? பின்னாடி வலை இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: கூட்டும்போது பார்த்தேன்.

டிரைவர்: நீ எப்ப வண்டியைக் கூட்டினே?

மனைவி: கூட்டணும்னு நினைக்கும்போது.

மெக்கானிக்: அண்ணே, அண்ணி சொல்றதுலயும் விஷயம் இருக்கு. பெரிய பேட்டரி அங்கதான் மூச்சு வாங்கும். ஒரு ஃபேன் உள்ள காத்தை இழுத்துக் கொடுக்கும். அது அடைச்சா பேட்டரி சூடாயிடும். சூடானா, நான் சும்மா இருக்கேன், எஞ்சினே எல்லா வேலையும் பார்க்கட்டும்னு ஒதுங்கிக்கும்.

டிரைவர்: என் மச்சான் மாதிரி.

மனைவி: என் தம்பியை ஏன் இழுக்கறீங்க?

டிரைவர்: இழுத்தாலும் வரமாட்டானே. தம்பி, நீ கழட்டு.

மெக்கானிக்: ஸ்க்ரூ கொஞ்சம் பிடிவாதம்... வந்துடுச்சு... ஐயையோ.

டிரைவர்: என்னடா அது? முயலா?

மெக்கானிக்: பஞ்சுண்ணே. வலை முழுக்க.

டிரைவர்: பஞ்சா?

மெக்கானிக்: இல்ல, பஞ்சு மாதிரி... ஏதாவது நாய் முடியா இருக்கும். நாயோட வர்ற சவாரி ஏத்துவீங்கள்ல?

டிரைவர்: இந்தக் கையைப் பாரு, எவ்வளவு வெள்ளை. விதை வேற ஒட்டியிருக்கு. எந்த நாய்டா மரத்துல காய்க்குது?

மெக்கானிக்: அப்ப சீட்டு கிழிஞ்சிருக்கும்.

டிரைவர்: சீட்டுக்குள்ள நுரை. நீதானே போன வருஷம் தைச்சே?

மெக்கானிக்: நான் தைச்சது நல்லாத் தைச்சது...

மனைவி: அதான் காரணம் கிடைச்சுடுச்சே. தட்டிப் போட்டா சரியாயிடும். வியாபாரியை வரவேணாம்னு சொல்லிடுங்க.

டிரைவர்: சொல்ல மாட்டேன். எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாம தட்டிப் போட்டா, அடுத்த மாசம் மறுபடி அடைக்கும். இப்பவே வரச் சொல்றேன். போன் எங்கே...

மனைவி: போனை வையுங்க.

டிரைவர்: அடிக்குது.

மனைவி: வையுங்க... நான்தான்.

டிரைவர்: என்ன நான்தான்?

மனைவி: பஞ்சு. தலையணை. நான் தைக்கறேன். ஒரு விடுதியில வாங்கிக்கறாங்க. கையில தூக்கிட்டுப் போக முடியாது... நீங்க ராத்திரி சவாரி முடிஞ்சு வந்து தூங்கும்போது, விடியற நேரத்துல வண்டியில போட்டு எடுத்துட்டுப் போவேன்.

டிரைவர்: யாரு ஓட்டுவா?

மனைவி: நான்.

டிரைவர்: லைசென்ஸ்?

மனைவி: மாவு டின்னுக்குள்ள இருக்கு. உங்ககிட்ட ஒரு தடவை கத்துக்கறேன்னு கேட்டேன். உன் கால் பாரத்துக்கு பெட்ரோல் பங்கையே எழுதி வாங்கணும்னு நாலு பேரு முன்னால சொன்னீங்க. அதுக்கப்புறம் கேப்பேனா?

டிரைவர்: தமாஷுக்குச் சொன்னது...

மனைவி: சிரிச்சவங்களுக்குத் தமாஷ்.

டிரைவர்: ...ஓட்டக் கத்துக்கொடுத்தது யாரு?

மெக்கானிக்: எனக்கு அந்த ஸ்பேனரைக் கொஞ்சம்...

டிரைவர்: ஸ்பேனர் உன் கையிலதான்டா இருக்கு.

மனைவி: ஸ்டியரிங்கும் ரிவர்ஸும் மட்டும்தான் இந்தத் தம்பி கத்துக்கொடுத்தது. மிச்சமெல்லாம் நீங்க. கல்யாணமான நாள்லேருந்து பக்கத்து சீட்டுல உக்காந்து உங்க பாடத்தைக் கேக்கறேன். காலை எடு, உருளவிடு, மிதிக்காதே, தடவு. கனவுல கேட்டாக்கூட ஒப்பிப்பேன். அந்த மீட்டர்ல மைலேஜ் காட்டற ரெண்டாவது டிரிப் இருக்கே... அமுக்கிப் பாருங்க.

டிரைவர்: அதை நான் தொடறதே இல்லையே.

மனைவி: தொட மாட்டீங்கன்னுதான் இன்னைக்கு விடியக்காலை அதை சைபராக்கி என் ஓட்டத்தைப் போட்டேன்.

டிரைவர்: ...இருபத்தி மூணா?

மெக்கானிக்: பஞ்சு அடைச்சும் இருபத்தி மூணு. அண்ணே, உங்களுது பதினெட்டு.

டிரைவர்: விடியக்காலை குளிர்ல பேட்டரி சூடாகாது. தெருவும் காலி. சரக்கும் பஞ்சு. என் சவாரிக்காரன் ஒருத்தன் ரெண்டு மூட்டை சிமெண்ட் ஏத்தினான், அவன்கிட்ட போய்...

மனைவி: சரிங்க. தோத்தவங்களுக்குக் காரணம் நிறைய.

டிரைவர்: நானும் ஒண்ணு சொல்லட்டுமா? ஆரம்பத்துலேருந்தே எனக்குத் தெரியும்.

மனைவி: என்ன தெரியும்?

டிரைவர்: தூங்கப்போகும்போது கிலோமீட்டர் பார்த்துட்டுத்தான் படுப்பேன். எழுந்து பார்த்தா வண்டி தூக்கத்துல நடந்திருக்கும். கண்ணாடியில பின்னாடி ரோட்டுக்குப் பதிலா பின் சீட்டு தெரியும். சீட்டு ரெண்டு பல்லு முன்னால நிக்கும்.

மனைவி: தெரிஞ்சும் கேக்கலையா?

டிரைவர்: கேட்டா நிறுத்திடுவே. மைலேஜ் விழுந்ததும் உன் காலாத்தான் இருக்கும்னு நினைச்சேன். அதை உன் முகத்துக்கு நேரா சொல்ல வாய் வரல. ஒரு தடவை சொன்னதுக்கே நீ பட்டது... வண்டியைக் கொடுத்துட்டா சண்டை இல்லைன்னு பார்த்தேன்.

மனைவி: அந்த சீட்டு நகர்த்துற கம்பி... முதல்ல இழுத்தா கை வலிக்கும். நடுவுல ஒருநாள் வெண்ணெய் மாதிரி நகர்ந்துச்சு.

டிரைவர்: எண்ணெய் விட்டது யாருன்னு நினைச்சே?

மனைவி: நீங்களா...

டிரைவர்: அழாதே. ஈரம் பட்டா பஞ்சு கட்டிக்கும்.

மனைவி: வியாபாரிக்குப் போன் போகுதுன்னீங்களே?

டிரைவர்: போன்ல சார்ஜே இல்ல. நேர்ல போய்ச் சொல்லிக்கறேன். இனிமே தலையணையை உறை போட்டு, வாயைக் கட்டி ஏத்து. அந்த வலைப் பக்கம் வைக்காதே. மாசம் ஒரு தடவை நானே கழட்டித் தட்டறேன்.

மனைவி: நானே தட்டிக்கறேன்.

டிரைவர்: பார்த்தியா தம்பி? இந்த வண்டியில எனக்குத் தெரியாம ஒரு ஊசி அசையாது. சரி, உன் பாக்கியை வாங்கிக்க. நாலாயிரத்து அறுநூத்தி நாப்பது, எண்ணிப் பாரு.

மெக்கானிக்: வேணாம்ணே... அது தீர்ந்துபோச்சு.

டிரைவர்: தீர்ந்துச்சா? பின்ன ஏன் வந்ததும் வராததுமா கேட்டே?

மெக்கானிக்: கேக்கலேன்னா, யாரு தீர்த்தான்னு நீங்க கேப்பீங்களே.

டிரைவர்: யாரு தீர்த்தா?

மெக்கானிக்: எங்க வீட்ல கட்டிலு, அலமாரி, பரண் எல்லாம் தலையணைதாண்ணே. படுக்கறது ரெண்டே பேரு.