பல்லி தின்னி

எங்கள் சமையலறையில் பல்லித் தொல்லை கிடையாது, எழுதிக்கொள்ளுங்கள் சார். அடுப்புக்குப் பின்னால் சுவர் வெடிப்பில் ஒரு வெள்ளிக்கோல் வரையன் குடியிருந்தது. விஷமில்லாத பாம்பு. பகலெல்லாம் தூங்கும், இருட்டினால் சுவரேறிப் பல்லி பிடிக்கும். பார்வைக்கு மட்டும் கட்டுவிரியன்போலக் கருப்பு உடம்பு, வெள்ளைக் கட்டு. வரையனுக்குக் கட்டு கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும். விரியனுக்குக் கழுத்து வெறுமை, வால் நுனிவரை கட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்தான். குளச்சல் கடலில் என் பல்செட்டை விழுங்கிய சுறா, மறுவாரம் கருங்கல் சந்தையில் அதே பல்லைக் காட்டிச் சிரித்ததைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வீட்டு ராஜையன், என் மனைவியின் தம்பி, கதை முடியுமுன்பே, "அத்தானுக்க பேச்சுல பாதிய இல்ல, முழுசையும் தள்ளணும்" என்பான். டீக்கடையே சிரிக்கும். பொறுத்துக்கொண்டேன். சுறா விஷயத்தில் எனக்கே சிறு சந்தேகம் உண்டு.

போன மாசியில் அவன் என் வரையனை அடித்துக் கம்பில் தொங்கவிட்டுக் கடைக்குக் கொண்டுவந்தான். "அத்தான் வீட்டு விரியன்" என்றான். வாலைப் பிடித்துக் காட்டி, விரியனில்லை என்று விளக்கினேன்.

"இதுக்கும் பல்செட்டு உண்டா அத்தான்?"

டீ ஆற்றுகிற பேபிகூடச் சிரித்தான். ஆயுளில் கலப்படமில்லாமல் நான் சொன்ன ஒரே விஷயம் சார் அது.

ஐப்பசி மழையில் தேங்காய்ச் சிரட்டைக் குவியலுக்குள் கையை விட்ட ராஜையனை ஏதோ கடித்தது. விளக்கு வைக்கிற நேரம். அடித்து, கம்பில் தொங்கவிட்டு, என்னிடமே வந்தான். பின்னால் அவன் மனைவி நேசபாய்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணா கேக்க மாட்டேங்காரு அண்ணே."

"வலியே இல்லட்டி. அத்தான், இது அந்தப் பல்லி தின்னிதானே? நீங்க சொன்னது உள்ளதுதான்ணு டெனிஷ் துபாய்லேந்து போட்டோ பாத்து அப்பவே சொன்னான்."

அவன் மகன் அப்பவே சொல்லியிருக்கிறான். இவனுக்கு அதைக் கடையில் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கழுத்து வெறுமை. வால் நுனிவரை வெள்ளைக் கட்டு, பளிச்சென்று.

"அதேதான் மக்கா. மஞ்சள் தேச்சிட்டுப் படு."

அவன் சிரிக்கவில்லை. "கேட்டியா, அத்தானே சொல்லியாச்சு" என்று நேசபாயிடம் சொன்னான். கேட்க நன்றாக இருந்தது. காலையில் அவன் எழும்பவில்லை.

நேசபாய் அந்தப் பாம்பைப் புதைக்காமல் ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது நியாயம்தான். தெரிந்தேதான் சொன்னேன், மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள் சார். விரியன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டும் அவன் என்னை நம்பியிருப்பானா?