இடது கதவு ஸ்பீக்கர்

— அண்ணே, நிறுத்துங்க அந்தப் பாட்டை! எதிர்வீட்டுல என் ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுது!

— பாட்டு இல்லம்மா, டெஸ்டிங். காருல இடது கதவு ஸ்பீக்கர் மறுபடியும் ஊமையாயிடுச்சு.

— மறுபடியுமா? கம்பெனி ஸ்பீக்கர் தகர டப்பா மாதிரி கத்துதுன்னு மாத்தினீங்க, சரி. மாட்ட வந்த கடைத் தம்பி கதவு அதிராம இருக்க உள்ள ஷீட் ஒட்டினான், டிக்கியில சத்தம் கூட்டுற ஆம்ப் வெச்சான், அதுவும் சரி. அப்புறமும் ஞாயித்துக்கிழமை தவறாம அந்த ஸ்பீக்கர் தம்பிக்கு இங்க என்ன வேலை?

— வயரு கழண்டுக்குதாம்.

— தானா கழண்டுக்க அது என்ன கைக்குழந்தை போட்ட செருப்பா? உங்களை நல்லா ஏமாத்துறான். இன்னிக்கு வரட்டும், நாலு வார்த்தை கேட்டு நானே விரட்டி விடறேன்.

— ஐயய்யோ, கெடுத்துடாதம்மா! தங்கமான பையன். திரும்பத் திரும்ப வர்றதுக்குக் காசு கூட வாங்கறதில்ல.

— ஓகோ! அப்போ விஷயமே வேற. அவன் டிக்கியில குனிஞ்சு ஆம்ப் குமிழைத் திருப்பறான். உங்க பொண்ணு முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு, "கொஞ்சம் ஏத்துங்க, கொஞ்சம் இறக்குங்க"ங்கறா. அதுக்குள்ள நான் சமையலையே முடிச்சுடறேன். காரு உங்களுது, அவ எதுக்கு உக்காரணும்?

— எனக்குத்தான் இடது காது மந்தமாச்சே. ரெண்டு பக்கமும் சமமா வருதான்னு கேட்டுச் சொல்ல ஆள் வேணும்ல?

— அவ சிரிக்கிறது என் அடுப்படி வரைக்கும் கேக்குதுண்ணே.

— கேக்குதா? நிஜமாவா? நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னுபோனதுலேருந்து ரூமை விட்டே வராம கிடந்தவம்மா. அவ சிரிப்பு எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு.

— ...சரி சரி, கண்ணைத் தொடைங்க. இன்னிக்கு விரட்டல.

*

— என்னண்ணே, கல்யாணம் முடிஞ்சு பொண்ணும் ஸ்பீக்கர் தம்பியும் வேற ஊருக்கே குடிபோயாச்சு. அதுக்கப்புறம் இடது ஸ்பீக்கர் ஒரு தடவையாவது மக்கர் பண்ணிச்சா?

— இல்லம்மா. ஜம்முனு பாடுது.

— அதிசயம்தான்... அப்போல்லாம் சனிக்கிழமையானா இந்த மனுஷன் ஸ்க்ரூடிரைவரோட காருக்குள்ள பூந்து என்னத்தைத்தான் குடைஞ்சாரோ...

— குடையறதா? காரைத் தொடைச்சேம்மா.

— ஸ்க்ரூடிரைவரால தொடைச்சீங்களா? இருங்க, இருங்க. உங்க இடது பக்கம் நின்னுக்கிட்டு எனக்கே கேக்காத மாதிரில்ல முணுமுணுத்தேன்! அண்ணே! அப்போ அந்தக் காது? அப்போ அந்த வயரு?

— கத்தாதம்மா. எனக்கு நல்லாத்தான் கேக்குது.