பதிமூணு, பதினாலு

நீங்கள் கொடுத்த தாளில் கோடு இல்லை, மேடம். கோடு இல்லாத தாளில் எழுதினால் என் வரிகள் வலப்பக்கம் மேலே ஏறிவிடும். அதனால் உங்கள் ஸ்டேஷன் ரைட்டரிடம் ஸ்கேலும் பென்சிலும் வாங்கி, முதலில் கோடு போட்டுக்கொண்டேன். "எதுக்கு டீச்சர் இம்புட்டுச் சிரமம், நாலு வரி போதும்லா" என்றார் அவர். நாலு வரியில் அடங்கிவிடும் விஷயம்தான். ஆனால் அரைகுறையாக எழுதிய எந்தப் பிள்ளைக்கும் நான் மார்க் போட்டதில்லை.

என் பெயர் பிரம்மநாயகி. வயது அறுபத்து நான்கு. இதே சங்கரன்கோவிலில் முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியையாக இருந்தேன். என் கணவர் சங்கரராமன், தாலுகா ஆபீசில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். போன தை மாதம் மலைக்குச் சுற்றுலா போன இடத்தில் வழி தவறி, குளிரில் இறந்தார் என்று கோப்பில் எழுதியிருக்கிறது. அதில் 'வழி தவறி' என்ற இரண்டு சொற்கள் பிழை. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். மேலநீலிதநல்லூர் பக்கம் எந்தப் புஞ்சைக்கு எந்த சர்வே எண் என்று தாளைப் பார்க்காமல் சொல்வார். முப்பத்தேழு வருஷம் என்னை 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டார். பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் முன்னால்கூட. எனக்கு மானம் போகும். மறதி நோய் வந்து இரண்டு வருஷத்தில் அந்த 'ஏட்டி' போய்விட்டது. நான் பெண்டாட்டி என்பது மறந்து, டீச்சர் என்பது மட்டும் அவருக்குள் நின்றது. சாயங்காலமானால் என் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"டீச்சர், வீட்டுக்குப் போவட்டுமா?"

அது அவர் கட்டிய வீடு. முதல் தடவை கேட்டபோது அடுப்படிக்குப் போய் அழுதேன். பிறகு, "மணி அடிக்கட்டும், போகலாம்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அவரும் சரி என்று உட்கார்ந்துகொள்வார்.

ஓசூரில் இருக்கும் எங்கள் மகன் சங்கரகணேஷ், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள மதுரையில் ஓர் இல்லம் விசாரித்து வைத்திருந்தான். நான் சம்மதிக்கவில்லை. முன்பின் தெரியாதவன் அவரைக் குளிப்பாட்டுவதா என்று சண்டை போட்டேன். தெருவில் எல்லோரும் என்னை மெச்சினார்கள். கோமதியம்மன் சன்னதியில் பார்க்கிற பெண்கள், "டீச்சர் மாதிரி யாரு பாப்பா?" என்பார்கள். கேட்க நன்றாக இருந்தது. அந்தப் பேரை விட எனக்கு மனசில்லை. இதையும் நான் மறைக்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், குளிக்க வரமாட்டேன் என்று என் கையைக் கடித்துவிட்டார். மேஜைமேல் ஸ்கேல் கிடந்தது. எடுத்து ஒரு அடி வைத்தேன். அவர் அழவில்லை. இன்னொரு கையையும் நீட்டிக் காட்டினார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு அடுத்த வாரம் ஆனந்தகுமார் வந்து சுற்றுலாவுக்குப் பெயர் கேட்டபோது, இரண்டு பேர் என்று உடனே சொன்னேன்.

ஆனந்தகுமார் எங்கள் தெருதான். ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்து வருஷத்துக்கு ஒரு தடவை வேனில் கூட்டிப் போவார். இந்தத் தடவை கேரள எல்லையை ஒட்டிய மலையில் ஒரு தேசியப் பூங்கா. நோய் முற்றாத காலத்தில் நாங்கள் இருவரும் ஏற்கெனவே போன இடம். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மேற்கே சிவகிரி மலை தெரியும். எல்லாம் மறந்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். மலை என்றால் அவருக்கு உயிர், அதனால் கூட்டிப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய் இல்லை. பாதிதான் சொன்னேன்.

வேனில் இருபத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு நம்பர். ஒவ்வொரு தடவை ஏறி உட்கார்ந்ததும் ஆனந்தகுமார் முன்னால் நின்று, "நம்பரைச் சொல்லுங்க அண்ணாச்சிமாரே" என்பார். வரிசையாக அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். நான் பதிமூணு, அவர் பதினாலு. அவருக்கு நம்பர் நிற்காது என்பதால் புறப்பட்டதிலிருந்தே நான்தான் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். "பதிமூணு, பதினாலு." ஆனந்தகுமார் தலையை நிமிர்த்தாமல் தாளில் டிக் அடிப்பார். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் வருகை எடுத்தவள் நான். வராத பிள்ளைக்காகப் பக்கத்துப் பிள்ளை 'உள்ளேன்' என்று சொன்னால் குரலை வைத்தே பிடித்து, இருவரையும் வெளியே நிறுத்திவிடுவேன். தலையை நிமிர்த்தாமல் வருகை எடுக்கக் கூடாது என்று புதிய ஆசிரியைகளுக்குச் சொல்வேன். ஆனந்தகுமாருக்குச் சொல்லவில்லை.

அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் காலருக்கு உள்ளே பெயரும் போன் நம்பரும் தைத்திருந்தேன். பூங்காவுக்குப் போன அன்று காலை, லாட்ஜில் அவருக்குப் போட்டுவிட்டது பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை. அதில் தைக்கவில்லை.

மலையில் இரண்டு கிலோமீட்டர் நடை. தங்கசாமி என்ற வனத்துறை வாட்சர் கூட வந்தார். பூர்வீகம் ராயகிரியாம், நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் ஒட்டிக்கொண்டார். என் கணவர் அன்றைக்கு நன்றாக நடந்தார். சர்வேயர் கால், அடியை எண்ணி எண்ணி வைத்தது. மேலே பாறையில் வரையாடு ஒன்று குட்டியோடு நின்றது. அதைப் பார்த்துச் சிரித்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷத்தில் அவராக என்னைத் தொட்டது அப்போதுதான். திரும்பி எல்லோரோடும் இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு நாளைக் காலைக் குளியல் ஞாபகம் வந்தது.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கத் தொடங்கியது. இவர் மெதுவாக நடப்பார் என்று சொல்லி, மற்றவர்களுக்கு முன்னால் நாங்கள் இறங்கினோம். பாதி வழியில், பாதையை விட்டு விலகி மரங்களுக்குள் போனால், யாரும் போகாத ஒரு பழைய காவல் கொட்டகை உண்டு. வாசலில் ஒரு கல்பலகை. போன தடவை அவர்தான் கண்டுபிடித்து என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அங்கே அவரை ஒதுங்க வைத்தேன். நனைந்துவிடும் என்று ஸ்வெட்டரையும் மங்கிக் குல்லாவையும் முதலிலேயே கழற்றி வாங்கிக்கொண்டேன். திரும்பப் போட்டுவிடவில்லை. கல்பலகையில் உட்கார வைத்து, அவருக்குப் பிடித்த கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் கையில் கொடுத்தேன். வெறுங்கையோடு விட்டுவரவில்லை.

"இங்கன இருங்க. சத்தம் போடக் கூடாது. வந்திருதேன்" என்றேன்.

"சரி டீச்சர்" என்றார்.

இரண்டு நிமிஷத்தில் மறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். காலையில் சாப்பிட்டதை மறந்து மறுபடி இலை போடச் சொல்கிறவர். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரியாது, அதனால் தவிப்பும் இருக்காது, பிடித்த மலையைப் பார்த்துக்கொண்டே கண் அயர்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அதில் எங்கே தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் கீழே வந்தபோது வேன் டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஜன்னல் சீட்டில் பையை நிறுத்தி வைத்து, ஸ்வெட்டரை மாட்டி, குல்லாவைக் கவிழ்த்து, திரையை இழுத்துவிட்டேன். மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். கடைசியாக வந்த தங்கசாமி, "சார் எங்க டீச்சர்?" என்று கேட்டார். "வேன்ல ஏறிட்டாவ" என்றேன். பின் சீட்டுச் செண்பகவல்லி முறுக்கை நீட்டினாள். "அவிய தூங்குதாவ" என்று ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டேன். கேட் அடைக்கிற நேரம், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"நம்பரைச் சொல்லுங்க அண்ணாச்சிமாரே."

பன்னிரண்டு வரைக்கும் வந்தது. "பதிமூணு, பதினாலு" என்றேன். என் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பதினைந்து என்றாள் செண்பகவல்லி. வேன் புறப்பட்டது.

மலை இறங்கி டீக்கு நிறுத்திய இடத்தில்தான், ஸ்வெட்டரைப் பைக்குள் வைத்துவிட்டு, கண் அசந்துவிட்டேன், ஆளைக் காணோம் என்று அழுதேன். அழுகை நிஜம். பூங்கா வாசலில் எனக்குத் தெரியாமல் இறங்கியிருப்பார் என்றேன். அதனால் தேடியவர்கள் கீழ்ச் சாலையைத்தான் அலசினார்கள். நம்பர் சொன்னது எப்படி என்று ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. "பழக்கத்துல சொல்லிட்டியளோ டீச்சர், மனச விட்டுறாதிய" என்று ஆனந்தகுமார் தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த மனுஷர் இன்றுவரை என் முகத்தை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அது எனக்கு வருத்தம். மறுநாள் காலையில் ஆள் கிடைத்தார் என்றும், ஆஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போய்விட்டது என்றும் சொன்னார்கள். காரியங்களை முறையாகச் செய்தேன்.

இதோடு முடிந்திருக்கும். நேற்று கோமதியம்மன் கோயிலில் ஆடித்தபசு. சொந்தக்காரர்களோடு தபசு பார்க்க வந்த தங்கசாமி, விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்.

"காலைல நான்தான் பாத்தேன் டீச்சர். அந்தக் கொட்டகை வாசல்ல, கல்லுமேல உக்காந்திருந்தாவ. வாங்க போவோம்னேன். டீச்சர் இங்கன இருக்கச் சொல்லியிருக்காவ, வரமாட்டேன்னுட்டாவ. ராத்திரி எட்டு மணி வரை நாங்க கீழ ரோட்டுல கூப்பாடு போட்டதுகூட அவியளுக்குக் கேட்டிருக்கு. 'கூப்பிட்டாவ, நான் சத்தமே போடலையே'ன்னு பெருமையாச் சொன்னாவ. எந்தக் காலத்து டீச்சர் ஞாபகமோ பாவம்."

நான் தலையாட்டினேன்.

"ஜீப்புல ஏத்துனதுல இருந்து ரெண்டு நம்பரையே சொல்லிட்டு வந்தாவ. பதிமூணு, பதினாலு. பதிமூணு, பதினாலு. மூச்சு அடங்குத வரைக்கும். வீட்டு நம்பரா டீச்சர் அது?"

எங்கள் வீட்டு எண் நாற்பத்தாறு. வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறது. ஆமாம் என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பி வைத்தேன். தபசுக் காட்சிக்கு நான் போகவில்லை. விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

பதிமூணு நான். அவருக்கு எதுவும் நிற்காது என்று ஆறு மாதமாக எனக்கு நானே சொல்லித்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். அவருக்கு நின்றிருக்கிறது. ஜீப்பில் நான் பக்கத்தில் இல்லாதபோதும், எனக்கும் சேர்த்து அவர் வருகை சொல்லியிருக்கிறார்.

அவர் வழி தவறவில்லை, மேடம். உட்காரச் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரைக் கொன்றது நான்.