கடைசி ரெய்டில் வந்தது இருமல் அல்ல

என் பெயர் குற்றாலீஸ்வரன், வயது 32, தகப்பனார் பெயர் நல்லக்கண்ணு, குடியிருப்பு பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின் தெரு. தொழில் கபடி, ஆட்டம் இல்லாத நாட்களில் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்குவேன். நேற்று, செவ்வாய்க்கிழமை, இதே காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முகம்மது சலீம் அவர்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஓர் இடம் பொய். அதைத் திருத்துவதற்காக இன்று யாரும் கூப்பிடாமல் நானே வந்து கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

பதினெட்டு வயதிலிருந்து ஆடி வருகிறேன். மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்குள் போய், ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும் ரெய்டர் நான். அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை கிடைத்தது. அதன் பிறகு மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கோவில் கொடைப் போட்டிகளில் மாடன் என்ற பெயரில் ஆடினேன். ஒரு போட்டியில் பரிசளிக்க வந்தவர் என் மேலதிகாரி. கோப்பையை என் கையில் கொடுத்து, "ஒடம்பு தேவலையா மாடா?" என்று கேட்டார். அந்த வேலை அத்துடன் போனது.

அதன் பிறகு தொழில்முறை லீக்கில் என்னை ஏலத்தில் எடுத்தார்கள். இரண்டு சீசன் டிவியில் வந்தேன். மூன்றாவது சீசனில், கோட்டை மிதித்ததாக அவுட் கொடுத்த நடுவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதால் ஓராண்டுத் தடை விதித்தார்கள். தள்ளியது தப்புதான், ஆனால் நான் கோட்டை மிதிக்கவில்லை, இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். தடை முடிந்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே வலது முட்டியில் ஜவ்வு அறுந்து, திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. எழுந்து நடக்க எட்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு மூன்று வருடம் முட்டைக்கோஸ் மூட்டை தூக்கியே காலைத் தேற்றினேன்.

இதற்கிடையில் இலஞ்சியைச் சேர்ந்த உமாதேவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அவளுடைய தாயார் பேராச்சி அவர்கள் வயலும் தோப்பும் உள்ளவர். கோவிலில் மரியாதை வாங்குகிற குடும்பம். மகள் ஒரு கபடிக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்பதில் அவருக்குத் தீராத கோபம். எங்கள் மகள் அபி பிறந்த பிறகு வீட்டுக்கு வரப்போக இருந்தார், ஆனால் ஏழு வருடமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சுவரைப் பார்த்து, "அந்தாளு சாப்பிட்டாச்சான்னு கேளுட்டி" என்பார். நானும் சுவரைப் பார்த்து, "ஆச்சு" என்பேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், குற்றாலம் ரோட்டில் உள்ள மைதானத்தில் அருவி சீசனையொட்டி நடக்கும் போட்டியின் இறுதி ஆட்டம். நல்ல சாரல். எங்கள் தென்காசி அணிக்கும் புளியங்குடி அணிக்கும் போட்டி. லீக் அணி ஒன்றின் தேர்வாளர் என்னைப் பார்க்கவே வந்து முன்வரிசையில் இருந்தார். பயிற்சி முகாமுக்கான பட்டியல் வரும் வெள்ளிக்கிழமை வெளியாகும். என் வயதுக்கு இதுதான் கடைசிப் பட்டியல்.

ஆட்டத்துக்கு முன் புளியங்குடி கேப்டன் பாண்டி என்னிடம் ஒரு பையைக் கொடுத்தது உண்மை. பாண்டி அந்த ஊர் எலுமிச்சை மண்டியில் வேலை பார்க்கிறார். பையில் இருந்தது எலுமிச்சம்பழம். அது இப்போது உப்பும் மிளகாயும் சேர்ந்து எங்கள் வீட்டில் ஊறுகாயாக இருக்கிறது. சாட்சியப் பொருளாகத் தேவைப்பட்டால் ஜாடியோடு ஒப்படைக்கிறேன்.

உமாதேவி அபியோடு வந்திருந்தாள். பேத்தி அடம் பிடித்ததால் மாமியாரும் வந்திருந்தார். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியை ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, குடை பிடித்துக்கொண்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததாக உமாதேவி பிறகு சொன்னாள்.

கடைசி ரெய்டு எனக்கு வந்தது. அவர்கள் 31, நாங்கள் 30. பாடிக்கொண்டு போய் அவர்களில் இருவரைத் தொட்டுவிட்டேன். அதன் பிறகு திரும்பும்போது பாண்டி பாய்ந்து என் வலது காலைக் கணுக்காலோடு பிடித்தார், மேலே இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு சகதியில் ஊர்ந்தேன். நடுக்கோட்டுக்கும் என் விரலுக்கும் ஒரு சாண்தான் இருந்தது, தொட்டால் வெற்றி எங்களுக்கு. மூச்சும் மிச்சம் இருந்தது. அப்போது கூட்டத்தையும் மைக்கையும் மீறி ஒரு பெண் குரல் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் என் மாமியார். நாற்காலி மேல் ஏறி நின்று, மடக்கிய குடையை ஓங்கிக்கொண்டு, "ஏலே எடுபட்ட பயலுவளா! எம் மருமவன் கால விடுங்கலே! அது ஆபரேசன் பண்ணுன காலுலே!" என்று கத்தினார்.

எந்தக் கால் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அவர் வந்ததே இல்லை. எனக்கு உள்ளே இருந்து சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். சிரித்தால் பாட்டு நின்றுவிடும். பாட்டு நின்றால் ரெய்டர் அவுட். நடுவர் விசில் ஊதினார். தோற்றோம். அதன் பிறகும் சகதியில் மல்லாந்து கிடந்து சிரித்தேன். அதைத்தான் பல பேர் செல்போனில் எடுத்திருக்கிறார்கள்.

அந்த வீடியோவையும் எலுமிச்சம்பழப் பையையும் வைத்து, நான் ஆட்டத்தை விற்றுவிட்டேன் என்று எங்கள் அணி மேலாளர் ஜெகதீஸ்வரன் புகார் கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தோற்றுவிட்டுச் சிரிக்கிறவனைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

நேற்று விசாரணைக்கு வரும் வழியில் என் பயிற்சியாளர் முத்துக்குமாரசாமி அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தினார். "ஏலே, சாரல்ல இருமல் வந்து மூச்சு நின்னுபோச்சுன்னு சொல்லிரு. இருமுனா மன்னிப்பாங்க. கடைசி ரெய்டுல சிரிச்சவன எவம்லே எடுப்பான்?" என்றார். அது நியாயமாகப் பட்டதால் நேற்று இருமல் என்று சொன்னேன். புகாரை முடித்துக்கொள்ள ஜெகதீஸ்வரனும் சம்மதித்தார். தேர்வாளரும் பரவாயில்லை என்று அண்ணாச்சியிடம் சொன்னதாகத் தெரிகிறது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன்.

மாமியார் வந்திருந்தார். இருமல் விஷயத்தை உமாதேவி சொல்லியிருக்கிறாள் போலும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், சுக்குக் கஷாயத்தை என் முன்னால் வைத்துவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏட்டி அபி, நான் அங்கன நின்னு தொண்டை கிழியக் கத்துனது ஒங்கப்பாவுக்குக் காதுலயே விழலியாமா?" என்று கேட்டார். "விழுந்துச்சு அத்தை, அதனாலதான் சிரிச்சேன்" என்றேன். "போலீசுல எழுதிக் குடுத்தது ஒண்ணு, இங்கன சொல்லுதது ஒண்ணா?" என்று சுவரிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இலஞ்சி பஸ் ஏறிவிட்டார். கஷாயத்தைக் குடித்தேன். இல்லாத இருமலுக்கு அவ்வளவு காரமான கஷாயம் யாரும் குடித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, என் மூச்சு இருமலால் நிற்கவில்லை, என் மாமியார் என்னை மருமகன் என்று சொன்ன சந்தோஷத்தில் சிரித்ததால் நின்றது என்று இதன் மூலம் திருத்துகிறேன். யாரிடமும் எதுவும் வாங்கிக்கொண்டு நான் தோற்கவில்லை. இதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா, வெள்ளிக்கிழமைப் பட்டியலில் உன் பெயர் இருக்காதே என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். இருக்காது என்று எனக்கும் தெரியும். பதினான்கு வருடம் ஆடியதில் எனக்காக வந்த கைதட்டல் எவ்வளவோ. அந்த ஒரு சத்தத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. அதைப் போய் இருமல் என்று அரசாங்கத் தாளில் எழுத வைத்துவிட்டேன். நேற்றுப் பொய் சொன்னதற்கு என்ன நடவடிக்கை உண்டோ அதற்குக் கட்டுப்படுகிறேன். என் மாமியார் வாய்ப்பேச்சை நம்புகிறவர் அல்ல, முத்திரை உள்ள தாளைத்தான் நம்புவார். எனவே இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை முத்திரையிட்டு, இலஞ்சியில் வசிக்கும் பேராச்சி அவர்களிடம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதைத் தலைமைக் காவலர் இராமலட்சுமி அவர்கள் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இரண்டு இடத்தில் அவர்களே சிரித்துவிட்டு மறுபடியும் வாசித்தார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)
குற்றாலீஸ்வரன்,
பேராச்சி அவர்களின் மருமகன்.