திருப்பி அனுப்பிய தபால்

ஓசூர் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் கம்பெனிச் சட்டையோடு ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“வாங்காத பேங்க் நோட்டீஸு எப்படிம்மா செல்லும்?” என்றார் அவர்.

“வேணாம்னு திருப்பி அனுப்பினாலும் வாங்கின கணக்குதானாம். வக்கீல் சொன்னது உங்க காதுலயும்தானே விழுந்துச்சு?”

“கையெழுத்துப் போட்டாத்தான் மாட்டுவோம்னு ஷிஃப்டுல எல்லாரும் சொன்னாங்களே.”

“அதக் கேட்டுட்டு வந்துதான் வாங்காதன்னு சொன்னீங்க. நானும் போஸ்ட்மேன் மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்தினேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தம்மா விடவில்லை, குரல் மட்டும் இறங்கியது.

“நோட்டீஸுல தப்பு இருந்தா எதுத்துக் கேக்கலாம், எடுத்துட்டு வாங்கன்னாரு. எதக் கொண்டு போய்க் காட்டறது? வீட்ட எப்ப எடுப்பாங்கன்னுகூட நமக்குத் தெரியாது.”

கண்டக்டர் மூக்கண்டப்பள்ளி என்று குரல் கொடுத்தார். கணவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“அடுத்த தடவ போஸ்ட்மேன் வந்தா வாங்கி வச்சிரு.”

“இனிமே போஸ்ட்மேன் எதுக்குங்க வர்றாரு? பூட்டு எடுத்துக்கிட்டு பேங்க்காரங்களேதான் வருவாங்க.”