வாய் திறக்கக் கூடாதாம்

கோபாலபுரத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறியபோது என் முன் இருக்கையில் இரண்டு தென்னந்தோப்புக்காரர்கள் இருந்தார்கள். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தவருக்குத் தொண்டை கட்டிக் குரல் கரகரத்தது.

“சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பத்து நாளைக்கு வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. எங்கூட்டுல ஒரே கொண்டாட்டம். அப்பிடிச் சொல்றதுக்கு சர்க்காருக்கு என்னங்க அதிகாரம்?”

“தொண்டைக்காகத்தானுங்க சொல்லியிருப்பாங்க.”

“பேச்சுக்கும் சட்டம் போடறாங்க, வைத்தியத்தையும் அவிங்களே நடத்தறாங்க. ரண்டுலயும் சர்க்காருக்கு வேலையில்லீங்க. நாளைக்குக் கட்சிக் கூட்டத்துல இதத்தான் பேசப் போறன். அதுக்குத்தான் பொள்ளாச்சில தனியார் டாக்டரப் பாக்கப் போறனுங்க.”

“அவரும் பேசக் கூடாதுன்னுட்டா?”

தொண்டை கட்டியவர் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

“அவரு சொல்லலாமுங்க. அவருக்குப் பேச்சுரிமை இருக்குதல்லங்க!”