காட்டுப்பன்னி எந்த டிபார்ட்மெண்டு?

…அதத்தான் சார் நானும் சொல்றேன். அது மேயுறது கடலக்காட்டுல, படுக்குறது ஓடப்பொதருல, அது தின்னதுக்கு நஷ்டஈடு கேட்டு வெள்ளாம வச்ச சம்சாரி நிக்கிறது பாரஸ்ட் ஆபீஸ் வாசல்ல. இதுல காட்டுப்பன்னிக்கு எந்த டிபார்ட்மெண்டுன்னு எங்கிட்ட கேட்டா? நான் லைப்ரேரியன் சார். பன்னியக் கூப்பிட்டு வச்சா கேக்க முடியும்? உக்காருங்க, ஏன் நிக்கிறீக. இந்தப் பைய நடுவுல வச்சுக்கிறேன். பைக்க சர்வீசுக்கு விட்டுட்டீகளாக்கும்? நல்லதாப் போச்சு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தெனம் இந்த பஸ்ஸுலதான் வாரேன் போறேன், பேச்சுத்தொணைக்கு ஒரு ஆளு கெடைக்காது. இன்னைக்கு எகனாமிக்ஸ் எச்.ஓ.டி. அழகுராஜா சாரே பக்கத்துல உக்காந்திருக்கீக, எனக்கென்ன கொற.

இல்ல சார், பன்னின்னு ஒங்களச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்.

போன வருசம் நம்ம காலேஜுக்குப் புதுசா ஒரு கோர்ஸு வந்துச்சுல்ல, மனுசனும் காட்டு மிருகமும்னு. நல்ல கோர்ஸு, நான் கொற சொல்லமாட்டேன். மலையடிவாரத்துல பொழைக்கிறவனுக்கு இத விட்டா வேற என்ன படிப்பு வேணும். ஆன வந்து தென்னையச் சாய்க்குது, மயிலு வந்து வெதையக் கொத்துது. ஆனா கோர்ஸத் தொடங்குனவுக அதுக்குன்னு ஒரு டிபார்ட்மெண்டு தொடங்கல பாருங்க. எல்லா டிபார்ட்மெண்டும் சேந்து நடத்தணுமாம். எல்லாரும் சேந்து நடத்துறதுன்னா நம்ம காலேஜுல என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாததா. பிரின்சிபாலு என்னையக் கூப்பிட்டு, "பாண்டிசெல்வி, புஸ்தகத்தையெல்லாம் நீயே பாத்து சேத்துரும்மா"ன்னுட்டாக. அவியளுக்கென்ன, சொல்லிட்டு தெலுங்குல போன் பேசப் போயிட்டாக.

புஸ்தகம் வாங்கணும்னா ஒரு எச்.ஓ.டி. கையெழுத்துப் போடணும். இந்தக் கோர்ஸுக்கு எச்.ஓ.டி.யே கெடையாது. அப்ப யாரு போடுவா? சுவாலஜி சோலைச்சாமி சாருட்ட போனேன். "இதுல பாதி சட்டம், பாதி வெவசாயம், எங்களுக்கு எதுக்கும்மா"ன்னாக. பிசிக்ஸுக்குப் போனேன், மின்வேலி பத்தி ஒரு புஸ்தகம் இருக்கு சார், நீங்களாச்சும் போடுங்கன்னு. "வேலி எங்க சிலபஸ்ல இல்ல"ன்னுட்டாக. ஒங்ககிட்டயும் வந்தேன், ஞாபகம் இருக்கா? பன்னி படம் போட்ட புஸ்தகத்த எகனாமிக்ஸ்ல வச்சா பசங்க சிரிப்பானுகன்னு சொன்னீக. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுக, அது கெடக்கட்டும். செருப்பு தேய அலைஞ்சேன் சார். பொறவு என்ன மாயமோ, ஒரே வாரத்துல எல்லாரும் போட்டி போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்தீக. எனக்கும் கேக்கத் தோணல, வந்தவரைக்கும் லாபம்னு விட்டுட்டேன்.

தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஒண்ணு, சாருக்குக் கிருஷ்ணன்கோவில் ஒண்ணு. அந்தப் பாட்டக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுய்யா, டிரைவருக்கு மட்டுமா காது இருக்கு, நாங்களும் பேச வேண்டாமா. சில்லற இருக்கு, இந்தா. இல்ல சார், நான் எடுக்கேன், இருக்கட்டும்.

எங்க விட்டேன்… ஆங். புஸ்தகம் வந்து எறங்குச்சு. ஜன்னலோரமா தனி ஷெல்ஃபு போட்டு, பேரு எழுதி, சந்தனம் குங்குமம் வச்சு அடுக்குனேன். நீங்க நெனைக்கிற மாதிரி லேசான வேல இல்ல சார் அது. ஒரு புஸ்தகத்துக்கு முதுகுல ஒரு நம்பர்தான் ஒட்ட முடியும், அந்த நம்பருதான் அது இருக்க வேண்டிய எடத்தச் சொல்லும். இந்தப் புஸ்தகங்களுக்கோ ஆளுக்கு நாலு எடம். ஒக்காந்து யோசிச்சு யோசிச்சு ஒட்டுனேன். மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. சாப்புட்டு வந்து பாக்கேன், பன்னியக் காணோம்.

பன்னி மட்டுமா. ஆன புஸ்தகத்தத் தமிழ்க்காரக தூக்கிட்டாக, எங்க பழைய பாட்டுலதான் ஆன நெறைய வருதுன்னு. வேலிய சிலபஸ்ல இல்லன்னு சொன்ன பிசிக்ஸு, வேலிய அணைச்சுக் கொண்டுட்டுப் போயிருச்சு. சிறுத்த, கொரங்கு, வௌவாலு பூராவும் சோலைச்சாமி சாரு பீரோவுக்குள்ள. கேட்டா டிபார்ட்மெண்ட் லைப்ரரியாம். டிபார்ட்மெண்டுக்கு ஒரு பீரோ, பீரோ சாவி எச்.ஓ.டி. பையில. அவுகளாச்சும் எடுத்துப் படிக்காகளா? அதுவும் இல்ல. அடுத்த டிபார்ட்மெண்டு படிச்சிரக் கூடாது, அம்புட்டுதான்.

பயிர் நஷ்டம், இன்சூரன்ஸு, அந்தப் பன்னி, இதெல்லாம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது சார். தெரியாதுன்னுதான் சொல்றேன். ஒங்க ரூமு பீரோ மேல பாத்தேன்னு யாரோ சொன்னாக, நான் நம்பல. அழகுராஜா சாரு அப்பிடிப்பட்ட ஆளான்னு சண்டைக்கே போயிட்டேன். ஏன் சார் வேர்க்குது? ஜன்னலத் தெறந்து விடவா?

இப்ப அந்த ஷெல்ஃபுல பிள்ளைக டிபன்பாக்ஸ வைக்குதுக. மயிலு புஸ்தகம் ஒண்ணு கெடக்கு. வரும்போதே அட்ட கிழிஞ்சு வந்துச்சு, அதனால யாருக்கும் வேண்டாமாம்.

திங்கக்கெழம யுனிவர்சிட்டியில இருந்து கமிட்டி வருது. புஸ்தகம் இல்லாட்டி கோர்ஸுக்கு அனுமதி இல்லன்னு போன தடவயே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போனாக. ரத்தாச்சுன்னா அந்தப் பிள்ளைகள எங்க எடம் இருக்கோ அங்க தள்ளிருவாக. மாரீஸ்வரின்னு ஒரு பிள்ள சார், வ. புதுப்பட்டி. அவ அப்பா போடுற மக்காச்சோளத்த வருசா வருசம் பன்னி உழுதுட்டுப் போகுது. இந்தப் படிப்புன்னா படி, வேற எதுக்காச்சும் மாத்துனாகன்னா கல்யாணந்தான்னு சொல்லித்தான் அந்த மனுசன் அனுப்பி வச்சிருக்காரு. நேத்து எங்கிட்ட வந்து நிக்கா. "மேடம், பன்னி புஸ்தகம் வந்துருச்சா?" வந்துருச்சு தாயி. "எங்க மேடம்?" மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறேன், ஒரு பிள்ளைக்கு ஒரு புஸ்தகத்த எடுத்துக் குடுக்க வக்கில்லையேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு சார்.

சரி விடுங்க. எல்லாரையும் அப்பிடிச் சொல்லவும் முடியாது. சோலைச்சாமி சாரு இருக்காகளே, அவிய பெரிய மனுசன். இன்னைக்கு மத்தியானம் பின்வாசல் வழியா… ஐயையோ, சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தேனே. இல்ல சார், வேண்டாம். வற்புறுத்தாதீக. ம்… ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன், ஒங்களோட இருக்கட்டும்.

அம்புட்டுப் புஸ்தகத்தையும் சாக்குல கட்டிக் கொண்டாந்து வச்சிட்டாக சார். வச்சிட்டு, ஷெல்ஃபு போர்டுல "சுவாலஜி துறையின் உதவியோடு"ன்னு ஒரு வரி சேத்துக்கோம்மான்னாக. நானும் சேத்துட்டேன். கமிட்டி வந்தா அந்தப் போர்டத்தான பாக்கும்? எந்தத் துறை கொண்டாந்து வச்சுச்சோ அதுக்குத்தான கோர்ஸுப் பொறுப்பு போகும்? புது பில்டிங்ல ரூமு, ஏசி, ஒருங்கிணைப்பாளர்னு பேருப்பலக. நமக்கெதுக்கு சார் அதெல்லாம். ஒங்களுக்கு எகனாமிக்ஸ் இருக்கு, எனக்கு மயிலு இருக்கு.

என்ன சார், எந்திரிச்சிட்டீக? இது மொட்டமலைதான், நீங்க இன்னும் எம்புட்டோ தூரம் போகணுமே. காலேஜுல ஏதும் வச்சிட்டு வந்துட்டீகளா? ஓ, பீரோவப் பூட்டலயா. அது தப்பாச்சே, யாராச்சும் எடுத்துட்டுப் போயிருவாகளே. தம்பி, விசிலடி, சாரு எறங்கணும். பாத்துப் போங்க சார், எதுத்தாப்புல ராஜபாளையம் பஸ்ஸு வருது பாருங்க, கைய நீட்டுங்க. லைப்ரரியில அட்டெண்டர் மாடத்தி இருப்பா. எதுக்கா? சும்மாத்தான் சொன்னேன் சார், சும்மாத்தான்.

அலோ. ஏட்டி மாடத்தி, லைப்ரரியப் பூட்டிட்டியா? தெற, தெற. அழகுராஜா சாரு வாராக. புஸ்தகத்தக் குடுத்தா வாங்கி வையி, போர்டுல அவுக துறை பேரையும் எழுதச் சொன்னா எழுது. சோலைச்சாமி சாரு கொண்டாந்த சாக்கு எங்கன்னு கேட்டா முழிக்காத. என்னது, எந்தச் சாக்கா? சாக்கும் வரல, கோணியும் வரல. வந்துச்சுன்னு நான் சொல்லி வச்சிருக்கேன். கேட்டாகன்னா உள்ள வச்சு நம்பர் ஒட்டுறோம்னு சொல்லு. பொய்தான்ட்டீ, யாரு இல்லன்னா? அன்னைக்கு இவுகளைக் கையெழுத்துப் போட வச்சது மட்டும் என்னவாம்? அடுத்த டிபார்ட்மெண்டு கேக்குதுன்னு ஒவ்வொருத்தர் காதுலயும் நான்தான போட்டேன். அதுனாலதான இவுக தூக்கிட்டுப் போயிப் பூட்டிக்கிட்டு உக்காந்துட்டாக. நான் இழுத்து விட்டத நான்தான் ஒழுங்கு பண்ணணும். சரி, வையி போன, ஊரு வாரதுக்குள்ள இன்னும் ரெண்டு மூணு பேருகிட்ட பேசணும்.

அலோ, சோலைச்சாமி சாரா? வணக்கம் சார், லைப்ரரி பாண்டிசெல்வி. ஒண்ணுமில்ல சார், தொந்தரவு பண்ணிட்டனா? அழகுராஜா சாரு இன்னைக்கு மத்தியானம் பின்வாசல் வழியா… வேண்டாம் சார், ஒங்ககிட்ட சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இல்ல சார், வற்புறுத்தாதீக.